ஏழு முடக்குச் சாலையில் காந்த அலைக்கோடுகள்

ஒன்பதாவது முறையாக அச்சிட்ட தாளில்தான் அந்தக் கறுப்புப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே கோட்டில் வந்து நின்றன. அதற்கு முந்தைய எட்டுத் தாள்களும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதத்தில் பிழையானது. இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், புவிக்காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் காந்தமானியைச் சுமந்து நடந்து, அதன் அளவீடுகளை நடந்த பாதையின் மீதே அலைக்கோடுகளாக வரைவதற்கு எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடித்தன. நடந்தது இரண்டே நாட்கள். மீதிக் காலம் முழுவதும் வரைபடத்தோடுதான் கழிந்தது.

வேலை தொடங்கியதற்குக் காரணம் ஒரு ஜாம் போத்தல். மழை விட்ட மறுநாள், என்னிடம் விஞ்ஞானம் படிக்கும் பையன் ஒருவன் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுப் பீலியில் அள்ளிய கருமணலைப் போத்தலில் கொண்டுவந்தான். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தை வெளிப்புறம் வைத்து நகர்த்தினால் மணலில் பாதி அதன் பின்னாலேயே ஊர்ந்தது. அது காந்தம் இழுக்கும் இரும்புக் கனிமமான மக்னடைட் என்பதில் ஐயம் இல்லை. மலைநாட்டின் சார்னோகைட்டுப் பாறைகளிலும் நைசுப் பாறைகளிலும் அந்தக் கனிமம் சிறு மணிகளாகப் பரவிக் கிடப்பது வழக்கம் என்பதால் அதில் வியப்பும் இல்லை. ஆயினும் அடுத்த பீலியில் அள்ளிய மணல் காந்தத்தைச் சட்டை செய்யாததால், மேலே எங்கோ மக்னடைட் செறிந்த ஒரு பாறைப்பட்டை மலையைக் குறுக்கே கடக்கிறது என்று கருதினேன். தேயிலையும் இரண்டு மூன்று அடி மண்ணும் மூடிய சரிவில் அதைக் கண்ணால் தேட வழியில்லை.

காந்தமானி இரவல் வாங்கியது. புரோத்தன் சுழற்சி வகையைச் சேர்ந்த பழைய கருவி. மண்ணெண்ணெய் நிறைந்த ஒரு குடுவையைச் சுற்றிக் கம்பிச்சுருள் இருக்கும். சில நொடிகள் மின்னோட்டம் செலுத்தி நிறுத்தியதும் எண்ணெயில் உள்ள புரோத்தன்கள் புவிக்காந்தப் புலத்தைச் சுற்றிச் சுழலும். அந்தச் சுழற்சியின் அலைவெண்ணைக் கருவி நானோடெஸ்லாவாக மாற்றிக் காட்டும். நம் நாட்டில் புலத்தின் மொத்த வலிமை ஏறத்தாழ 41,000 நானோடெஸ்லா. குடுவையை 2.4 மீட்டர் உயர அலுமினியக் குழாயின் நுனியில் கட்டினேன். இரும்புக் குழாய் கூடாது என்பது தெரிந்திருந்தது; தெரியாமல் போனது சுருளின் அச்சைப் பற்றிய செய்தி. சுருளின் அச்சு புலத்தின் திசையிலேயே இருந்தால் சைகை எழாது. இலங்கை காந்த மத்திய கோட்டை ஒட்டி இருப்பதால் இங்கே புலம் கிட்டத்தட்டக் கிடையாக வடக்கு நோக்கி ஓடுகிறது. ஆகவே சுருளைக் கிழக்கு மேற்காகப் பிடிக்க வேண்டும். நான் அதை வடக்கு நோக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் எடுத்த மூன்று அளவீடுகள் முப்பது நானோடெஸ்லா வரை துள்ளுவதைப் பார்த்துப் பற்றரியைக் குறை சொல்லி ஒரு பிற்பகலை வீணாக்கினேன். குழாயைக் கால்வட்டம் திருப்பியதும் துள்ளல் இரண்டுக்குள் அடங்கியது.

கூட வந்தவர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். பாதை தெரிந்தவர், அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்ளச் சொல்லித் தந்தவரும் அவரே. முதல் நாள் காலை முதல் பத்துப் புள்ளிகளில் அளவு காரணமின்றி ஏறி இறங்கியது. என் இடுப்பு வாரின் கொக்கி, சாவிக்கொத்து, கைபேசி எல்லாவற்றையும் பையில் போட்டு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தும் சீராகவில்லை. பிறகுதான் அவரது இடுப்பில் சாக்குத் துணிக்கு உள்ளே தேயிலைச் செடிகளை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்துக் கத்தி இருப்பதைக் கண்டேன். “முப்பது வருசமா இடுப்புல இருக்குது சேர், இருக்கிறதே மறந்துபோச்சு” என்றார். கத்தி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தங்கியது. பத்துப் புள்ளிகளையும் மீண்டும் எடுத்தோம்.

அளந்த பாதை இரண்டு. ஒன்று, ஏழு முடக்குகளுடன் மலையை ஏறும் 2.9 கிலோமீட்டர் கார்ட் ரோட்டு; மற்றது அந்த முடக்குகளை எல்லாம் ஊடறுத்து நேராக இறங்கும் 480 மீட்டர் படிப்பாதை. பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று அளவீடு. இப்படி எடுத்ததில் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆனது. தகரக் கூரை லயங்களுக்கு அருகிலும் மின்மாற்றிக் கம்பத்தின் கீழும் எடுத்தவற்றை அங்கேயே அடித்துவிட்டேன்.

இங்கேதான் முதற் பெரும் பிழை. முதல் நாள் காலையிலேயே கீழிருந்து தொடங்கி, பகல் பன்னிரண்டரைக்கு மேலே முடித்தோம். அன்றிரவு எண்களை வரைதாளில் குறித்தபோது, மலை உச்சியை நோக்கி மென்மையாக உயர்ந்துகொண்டே போகும் அழகான பிறழ்வு (வழக்கமான அளவிலிருந்து விலகல்) ஒன்று தெரிந்தது. உச்சியில் பெரும் பாறை ஒன்று புதைந்திருப்பதாகவே நம்பினேன். மறுநாள் மேலிருந்து கீழாக நடந்தபோது அதே பாறை அடிவாரத்துக்கு இடம் மாறியிருந்தது. அது பாறை அல்ல, நண்பகல். காந்த மத்திய கோட்டின் மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம் ஒன்று உண்டு. அதனால் இந்த வட்டாரத்தில் புலத்தின் அன்றாட ஏற்றம் அந்தக் கோட்டிலிருந்து விலகிய நாடுகளைவிடப் பெரிது. என் அளவில் காலைக்கும் நண்பகலுக்கும் 96 நானோடெஸ்லா வேறுபாடு இருந்தது. நல்லவேளையாக, படிப்பாதையும் சாலையும் சந்திக்கும் ஓரிடத்தில் ஒரு சவுக்கு மரத்தடியை அடிநிலையமாக வைத்து, நாற்பது நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து அளந்திருந்தேன். ஏன் செய்கிறேன் என்று முழுதாக உணராமல், கையேட்டில் இருந்ததால் செய்த வேலை அது. அடிநிலைய அளவீடுகளை நேரத்துக்கு எதிராகக் குறித்து, இடைப்பட்ட நேரங்களுக்கு நேர்கோட்டில் கணித்துக் கழித்ததும் உச்சிப் பாறை காணாமற் போனது.

முதல் வரைபடத்தைக் கையால் வரைந்தேன். 1:50,000 தாளில் பத்து மீட்டர் என்பது 0.2 மில்லிமீட்டர், பென்சில் முனையே அதைவிடப் பருத்தது. ஆகவே 1:5,000 அளவில் பாதையைப் பெருக்கி, புள்ளிக்குப் புள்ளி இரண்டு மில்லிமீட்டராக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் பாதைக்குச் செங்குத்தாகக் குச்சிகள் நிறுத்தி நுனிகளை இணைத்தேன். மிகை மதிப்பு நடப்பவரின் இடப்பக்கம், குறை மதிப்பு வலப்பக்கம் என்பது என் விதி. நேர்ப் பாதைக்கு அது பொருந்தும். முடக்குச் சாலையிலோ ஒவ்வொரு முடக்கிலும் நடப்பவர் திரும்பிக்கொள்வதால், ஒரு தட்டில் (இரு முடக்குகளுக்கு இடைப்பட்ட சாலைத் துண்டில்) மலைப்பக்கம் இருந்த மிகை அடுத்த தட்டில் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விடுகிறது. அடுத்தடுத்த இரு தட்டுகளும் ஒரே பாறைப்பட்டையைக் கடந்தாலும் அவற்றின் அலைக்கோடுகள் ஒன்றையொன்று பார்த்து முட்டிக்கொண்டு நின்றன. குறையை மேடாகவும் மேட்டைக் குறையாகவும் வாசித்துக்கொண்டு ஒரு வாரம் போனது.

பிறகு கணினிக்கு வந்தேன். பயன்படுத்தியது ஜிஎம்டி என்ற இலவச மென்பொருள்; பால் வெசல், வால்டர் ஸ்மித் என்ற இருவர் 1980களின் இறுதியில் தொடங்கி, கடலியல் ஆய்வாளர்கள் கப்பல் தடங்களின் மீது இத்தகைய கோடுகளை வரையப் பரவலாகப் பயன்படுத்தி வருவது. ‘விகிள்’ என்ற கட்டளை நெட்டாங்கு, அகலாங்கு, அளவு என்ற மூன்று நிரல்களை வாங்கிப் பாதையோரம் அலைக்கோட்டை வரைந்து தரும். கப்பல்கள் நேராகப் போகும். கார்ட் ரோட்டு அப்படிப் போகாது என்பதுதான் பின்னர் வந்த சிக்கல்களுக்கெல்லாம் வேர்.

கணினியின் முதல் தாள் முழுச் சிவப்பாக வந்தது. சென்டிமீட்டருக்கு 100 நானோடெஸ்லா என்று அளவு கொடுத்துவிட்டு, நடுமதிப்பைக் கழிக்க மறந்திருந்தேன். 41,000-ஐ நூறால் வகுத்தால் 410 சென்டிமீட்டர். அலைக்கோடு தாளுக்கு நான்கு மீட்டர் வெளியே எங்கோ ஓடிக்கொண்டிருக்க, பாதைக்கும் அதற்கும் இடையே இருந்த தாள் முழுவதையும் சாயம் நிரப்பியிருந்தது. அடிநிலையத்தின் சராசரியை ‘சி’ தெரிவில் நடுமதிப்பாகக் கொடுத்ததும் இது தீர்ந்தது.

இரண்டாம் தாள் முள்ளம்பன்றி. கைபேசியின் ஜிபிஎஸ் தடத்தை அப்படியே கொடுத்திருந்தேன். ஒரு புள்ளியில் நிமிடம் நின்றால் தடம் நிற்பதில்லை. நாலைந்து மீட்டருக்குள் நூற்கண்டு போலச் சுற்றிக்கொண்டிருக்கும். மென்பொருள் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் திசை கண்டு அதற்குச் செங்குத்தாகக் கோடு இழுப்பதால், எல்லாத் திக்கிலும் முட்கள் கிளம்பின. நின்ற நேரத்தின் தடங்களைச் சராசரியாக்கிப் புள்ளிக்கு ஓரிடம் என்று வைத்தேன். அதோடு செய்மதிப் படத்தின் மீது சாலையின் நடுக்கோட்டைக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கையால் வரைந்து, ஒவ்வொரு புள்ளியையும் அந்தக் கோட்டின் மிக அருகில் உள்ள இடத்துக்கு நகர்த்தினேன். சவுக்கு மர நிழலில் கைபேசி பத்து மீட்டர் வரை பிழைக்கிறது என்பதை அந்த நகர்த்தலின்போது கண்டேன்.

மூன்றாம் பிழை கடிகாரம். அளவீட்டையும் இடத்தையும் நேரத்தைக் கொண்டுதான் பொருத்தினேன். ஜிபிஎஸ் கோப்பு உலகப் பொது நேரத்தில் இருந்ததால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும் என்பது உடனே தெரிந்தது. ஒரு வரிகூடப் பொருந்தாத பிழையைத் தேட வேண்டியதில்லை. ஏழு நிமிடப் பிழை அப்படியல்ல, எல்லாமே பொருந்தியதுபோல் காட்டும். நான்காம் தட்டில் இரும்புக் குழாய் போட்ட மதகு ஒன்று உண்டு. அதன் மேல் கூரிய முள்போன்ற பிறழ்வு வர வேண்டும். வந்தது, ஆனால் முதல் நாள் ஏறும்போது எடுத்த வரிசையில் மதகுக்குக் கீழே எழுபது மீட்டரிலும், மறுநாள் இறங்கும்போது எடுத்த வரிசையில் மதகுக்கு மேலே எழுபது மீட்டரிலும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் உண்மையான மதகு அமைதியாக இருந்தது. கருவியின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருக்கிறது, நிமிடத்துக்குப் பத்து மீட்டர் நடந்ததால் ஏழு புள்ளிகள் பின்னால் விழுகின்றன. ஒரே திசையில் மட்டும் நடந்திருந்தால் இது கடைசி வரை பிடிபட்டிருக்காது. அந்த மதகுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்து, பின்னணி வரைபடம். தோட்டத்தின் பழைய எல்லைகளும் மலை இலக்கங்களும் உள்ள பழைய தாள் ஒன்றின் மீது அலைக்கோடுகளை வைக்க விரும்பினேன். அது கந்தவளை ஆதாரத்தில் (ஆதாரம் என்பது இட எண்களை அளக்கக் கொள்ளும் அடிப்படை) அமைந்த பழைய இலங்கைக் கட்டத்தில் இருந்தது. கைபேசி தருவதோ உலகளாவிய ஆதாரத்தில் உள்ள நெட்டாங்கும் அகலாங்கும். இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பொருத்தியதில் என் சாலை இருநூறு மீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளி, கொழுந்து மடுவத்தின் கூரையைப் பிளந்துகொண்டு போனது. ஆதார மாற்றத்தைச் சேர்த்ததும் சரியாகியது. இங்கே ஒன்று சொல்ல ஆசை: பழைய கட்டத்துக்கும் 1999-ஆம் ஆண்டின் புதிய கட்டத்துக்கும் தொடக்கப் புள்ளி நம் பிதுருதலாகலைதான். பழையதில் அந்த இடத்துக்கு 200,000 மீட்டர் கிழக்கு, 200,000 மீட்டர் வடக்கு என்று எண் கொடுத்திருக்கிறார்கள். புதியதில் இரண்டுமே 500,000. ஆகவே எண்ணைப் பார்த்தாலே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம். எங்கள் தோட்டம் அந்த மலையிலிருந்து அதிக தூரம் இல்லாததால் என் எண்கள் எல்லாம் இந்த வட்ட எண்களை ஒட்டியே வந்தன. அதைக் கண்டும் நான் விழித்துக்கொள்ளாதது என் தவறு.

முடக்குச் சிக்கலுக்கு மீள்கிறேன். ஜிஎம்டியில் மிகை வடக்குப் பாதியை நோக்கியே சாய்ந்தது. ஆகவே கையால் வரைந்தபோது தட்டுக்குத் தட்டு நடந்த புரட்டல் தானாகவே நின்றது. ஆனால் முடக்கில் சாலை சரியாக வடக்கு நோக்கித் திரும்பும் கணத்தில், செங்குத்துத் திசை மேற்கிலிருந்து கிழக்குக்குத் தாவும். அந்த இடத்தில் கோடு தன்னையே வெட்டிக்கொண்டு வண்ணத்துப்பூச்சி போல விரிந்தது. ‘ஐ’ தெரிவைக் கொண்டு சாலையின் எல்லாக் குச்சிகளையும் அதன் திசையைப் பாராமல் நேர் வடக்கு நோக்கியே நிறுத்தச் சொன்னேன். முடக்குகளில் சாலை வடக்குத் தெற்காக ஓடும் சில மீட்டரில் மட்டும் அலைக்கோடு சாலையின் மீதே படுத்துவிடும். அங்கே பதினைந்து மீட்டரை வெட்டி நீக்கித் தட்டுகளைத் தனித்தனித் துண்டுகளாக்கினேன்.

அளவைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிகத் தாள் செலவானது. தட்டுகளுக்கு இடையே தரையில் ஐம்பது மீட்டர், தாளில் ஒரு சென்டிமீட்டர். மிகப் பெரிய குறை 420 நானோடெஸ்லா. சென்டிமீட்டருக்கு 100 என்றால் அது நான்கு தட்டுகளைத் தாண்டிப் போய்விடும். 300 என்றாலும் அடுத்த தட்டின் மேல் ஏறும். 400 என்றால் அடுத்த தட்டை மெல்லத் தொட்டு நிற்கும், ஆனால் இருபது முப்பது நானோடெஸ்லாச் சிறு நெளிவுகள் பாதைக்கோட்டின் தடிப்பிலேயே மறைந்துவிடும். பாதைக்கோட்டை முடிந்தவரை மெல்லியதாக்கி, 400-ஐ ஏற்றுக்கொண்டேன்.

எதற்குச் சாயம் பூசுவது என்பதிலும் தடுமாறினேன். காந்தப் பாறை என்றால் மேடு என்ற எண்ணத்தில் மிகைகளைச் சிவப்பாக நிரப்பியிருந்தேன். காந்த மத்திய கோட்டருகே அது தலைகீழ். இங்கே பாறை கிடையாக வடக்கு நோக்கிக் காந்தமேறுகிறது. அதன் நேர் மேலே அதன் சொந்தப் புலம் தெற்கு நோக்கி வளைந்து புவியின் புலத்தைக் குறைக்கிறது. எனவே பாறையின் தலைக்கு மேல் பள்ளமும் அதன் வடக்கிலும் தெற்கிலும் சிறு மேடுகளும் வரும். மிகையை வெறுங்கோடாக விட்டுக் குறையைக் கறுப்பாக நிரப்பிய ஒன்பதாம் தாளில், மூன்று தட்டுகளிலும் படிப்பாதையிலும் இருந்த பள்ளங்கள் ஏறத்தாழ 350 மீட்டருக்குக் கிழக்கு மேற்கான ஒரு சாய்ந்த வரிசையில் சேர்ந்தன. அதன் மேற்கு முனைக்குக் கீழேதான் பையன் மணல் அள்ளிய பீலி.

தாளை அண்ணனிடம் காட்டியபோது, “இந்தக் கறுப்புத் தொப்பை முட்டுற இடத்துலதான் கல்லு இருக்கா சேர்?” என்று கேட்டார். அவர் காட்டியது அலையின் நுனியை. அளவு எடுக்கப்பட்டதோ பாதையின் மேல். வரைந்தவனுக்குத் தெரிந்தது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு பள்ளத்தின் ஆழமான புள்ளிக்கும் நேரே பாதைக்கோட்டின் மேல் ஒரு வெள்ளை வட்டம் வைத்துப் பத்தாம் தாளை அச்சிட்டேன்.

அந்தத் தாளோடு மலைக்குப் போனோம். இரண்டு வட்டங்களில் சாலையோர வெட்டிலேயே பாறை தெரிந்தது: எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் கரும்பச்சைச் சார்னோகைட்டு. நூலில் தொங்கவிட்ட காந்தம் அதன் பக்கம் தெளிவாகச் சாய்ந்தது. அதே பட்டையைத் தொடர்ந்து கிழக்கே போனால், ஆறாம் முடக்குக்கு அப்பால் அது வளைந்து வடக்கு நோக்கித் திரும்புகிறது. அங்கேயும் காந்தம் அதே அளவு சாய்ந்தது. ஆனால் தாளில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கோடு தட்டையாக ஓடுகிறது. கடிகாரத்தையும் ஆதாரத்தையும் மறுபடி சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. வடக்குத் தெற்காக நீண்ட பாறை இந்த அகலாங்கில் தன் நீளவாக்கிலேயே காந்தமேறுவதால் அதன் முனைகள் எங்கோ தொலைவில் போய்விடுகின்றன; நடுவில் கடப்பவனுக்கு அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. என் வரைபடத்தின் வெறுமை அங்கே பாறை இல்லை என்று சொல்லவில்லை.

செலவு: அலுமினியக் குழாய் 1,900 ரூபாய், எட்டுப் பெரிய பற்றரிகள் 1,600, அண்ணனுக்கு இரண்டு நாளுக்கு 4,000, முச்சக்கர வண்டி 1,200, ஹட்டனில் ஏ3 வண்ண அச்சு, தாளுக்கு 150 வீதம் பத்துத் தாளுக்கு 1,500. மொத்தம் 10,200. சாம்பல் நிறத்தில் வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தால் ஆயிரம் ரூபாயாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்த முறை, புறப்படும் முன் கருவியின் கடிகாரத்தைக் கைபேசியோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுவேன். நண்பகலைத் தவிர்த்து, ஏழிலிருந்து பத்துக்குள் வேலையை முடிப்பேன். முடிந்தால் இரண்டாவது காந்தமானி ஒன்றை மரத்தடியிலேயே நிறுத்தி வைப்பேன். கார்ட் ரோட்டில் நடப்பதை விட்டுவிடுவேன். வசதியான பாதை என்பதால்தான் அதைத் தேர்ந்தேன், ஆனால் அதன் தட்டுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே ஓடுகின்றன. இங்கே வேண்டியவை பட்டையைக் குறுக்கே கடக்கும் வடக்குத் தெற்கான நேர்கோடுகள். படிப்பாதையின் 48 புள்ளிகள் சாலையின் 290 புள்ளிகளைவிடத் தெளிவாகப் பேசியதற்கும் அதுவே காரணம். கொழுந்து நிற்கும் மலையில் நேர்கோட்டில் நடக்க முடியாது. மூன்றாம் நம்பர் மலை இந்த ஆண்டு கவ்வாத்துக்கு வருகிறது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். கவ்வாத்து முடிந்து, வெட்டிப் போட்ட கிளைகளான மிலாறு காய்ந்ததும், இருபது மீட்டர் இடைவெளியில் பன்னிரண்டு கோடுகள் இழுப்பதற்கு நைலோன் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.